மண்ணின் உறவை வரைந்த நந்தலால் போஸ்

மாந்தர் இயற்கையை நோக்கும் நோக்கு இருவகைப்படும். தம் தேவைக்கு எடுத்தாளும் பொருளாக அதனைக் காண்பது ஒன்று. தம் சுற்றமாகப் பேணுவது மற்றொன்று. புன்னை மரத்தைத் தமக்கையாகப் போற்றிய தலைவியைப் பாடிய மரபினர்க்கு இரண்டாவது நோக்கு புதியதன்று. அந்நோக்கினைத் தூரிகையால் வாழ்நாள் முழுதும் பயின்று, மாணவர்க்கும் பயிற்றியவர் வங்கம் தந்த ஓவியர் நந்தலால் போஸ் ஆவார்.

இளமையும் கல்வியும்

நந்தலால் 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள், இன்றைய பீகார் மாநிலத்தின் முங்கேர் மாவட்டத்தைச் சேர்ந்த அவேலி கரக்பூரில் பிறந்தார். தந்தையார் பூர்ணசந்திரர், தாயார் சேத்திரமணி. பொம்மைகள் செய்வதில் தாயார்க்கு இருந்த கைத்திறன் மகனிடத்தும் படிந்தது. ஊர்க் குயவரும் சிற்பியரும் களிமண்ணைப் பிசைந்து உருவங்கள் சமைப்பதை அருகிருந்து பார்த்துத் தாமும் செய்து பழகியதே அவர் பெற்ற முதற் கலைக்கல்வி எனலாம்.

பள்ளிப் படிப்பிற்காகக் கல்கத்தா சென்ற அவருக்குக் கல்லூரிப் பாடங்களில் மனம் பொருந்தவில்லை. 1905ஆம் ஆண்டில் அரசினர் கலைப்பள்ளியில் சேர்ந்து அவனீந்திரநாத் தாகூரின் மாணவரானார். பின்னர் அஜந்தா குகைச் சுவரோவியங்களைப் படியெடுக்கும் பணியில் ஈடுபட்டபோது, மனிதரும் யானையும் கொடியும் மலரும் ஒரே உயிர்ப்பெருக்கில் இணைந்து நிற்பதைக் கண்கூடாகக் கண்டார். இயற்கை, மரபு, தன்படைப்பாற்றல் ஆகிய மூன்றும் கலைக்கு இன்றியமையாதன என்னும் கருத்தை, ஜப்பானிய அறிஞர் ஒகாகுராவிடமிருந்து பெற்றார். இம்மூன்றில் ஒன்று குறையினும் கலை நிறைவுறாது என்பதே பிற்காலத்தில் அவர்தம் கலைக்கல்வியின் அடிப்படையாயிற்று.

சாந்திநிகேதன் வாழ்வு

புராணக் காட்சிகளைத் தீட்டிக் கல்கத்தாவில் புகழ் பெற்றிருந்த ஓவியரை, இரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனுக்கு அழைத்தார். 1919ஆம் ஆண்டில் தோன்றிய கலாபவனத்திற்கு 1922 முதல் 1951 வரை நந்தலாலே தலைவராக விளங்கினார். அவர் வந்து சேர்ந்த நிலம் வளஞ்செறிந்த சோலையன்று. செம்மண் பரந்த மேட்டுநிலம் அது. மழைநீர் அரித்துப் பள்ளங்களாக்கிய கோவாய் என்னும் வெளியும், கோபாய் ஆறும், சந்தால் மக்களின் சிற்றூர்களும், தனித்து நிற்கும் பனைகளும் அதன் காட்சிகள். அவ்வெளிமையே ஓவியரின் உள்ளத்தை மாற்றியது. தெய்வ உருவங்களில் தேடிய அழகை ஆட்டுக்குட்டியிலும் நெல் நடும் பெண்டிரிலும் அவர் காணத் தொடங்கினார். சிறு அட்டைகளை உடன்கொண்டு சென்று நாள்தோறும் வரைந்தார்.

மாணவர்க்கும் அவர் இதனையே பயிற்றினார். அறைக்குள் ஒருவரை அசையாது நிற்கவைத்து வரையும் மேலைமுறைப் பயிற்சிக்கு அவர் முதன்மை தரவில்லை. மரத்தை வரைய விழைவோர் அதனை வெவ்வேறு பருவங்களில் பலகாலும் சென்று காணவேண்டும். அது மண்ணிலிருந்து மேலெழும் முறையை உணர்ந்து, அடியிலிருந்தே கோட்டை எழுப்பவேண்டும் என்பது அவர் நெறி. மரத்தின் உயிரோட்டம் வரைபவரின் கைக்குள் புகுந்தாலன்றி ஓவியம் உயிர்பெறாது என அவர் கருதினார். இராம்கிங்கர் பைஜ், பினோத் பிகாரி முகர்ஜி ஆகியோர் இந்நெறியில் வளர்ந்தவர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1944இல் அங்குச் சென்ற கே. ஜி. சுப்ரமணியனும், பின்னாளில் திரைப்பட மேதையாக விளங்கிய சத்யஜித் ராயும் கலாபவன மாணவர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

நடுதலும் உழுதலும்

1928ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தாகூர் மரநடு விழாவையும் ஏர்ப்பூட்டு விழாவையும் நடத்தினார். மரக்கன்று பல்லக்கில் ஏறி, பாடலும் ஆடலும் சூழ ஊர்வலம் வந்தது. இவ்விழாக்களின் ஒப்பனையில் கலாபவனத்தார் பெரும் பங்கு கொண்டனர். ஏர்ப்பூட்டு விழாவை நந்தலால் ஸ்ரீநிகேதனில் சுவரோவியமாகவும் தீட்டினார். நிலத்திலிருந்து பெறுபவன் நிலத்திற்குத் திருப்பித் தரக் கடமைப்பட்டவன் என்னும் அறத்தை இவ்விழாக்கள் ஊரறியக் காட்டின. 1935இல் தாகூருக்கென எழுந்த சியாமளி என்னும் மண்வீட்டின் புறச்சுவர்களில் நந்தலாலும் மாணவரும் புடைப்புச் சிற்பங்கள் சமைத்தனர். அங்கு மண்ணே வீடாகவும் கலையாகவும் நின்றது.

மண் தந்த வண்ணம்

காந்தியடிகள் இவ்வுள்ளத்தை நன்கு அறிந்தார். 1936 டிசம்பரில் பைஸ்பூரில் கூடிய காங்கிரசு மாநாடு, சிற்றூரில் நடைபெற்ற முதல் மாநாடாகும். அதன் கலைப்பணியை நந்தலால் ஏற்று, மூங்கில் முதலிய எளிய பொருள்களால் அழகு செய்தார். 1938இல் அரிபுரா மாநாட்டிற்கென, கையால் செய்த தாளில் மண்வண்ணங்கள் கொண்டு வரைந்த பலகைகள் அவருக்கு அழியாப் புகழ் தந்தன. குயவர், தச்சர், இசைவாணர், காளையை அடக்குவோர் முதலிய உழைக்கும் மக்களே அவற்றில் இடம்பெற்றனர். வரையப்பட்ட வாழ்வும் வரைந்த பொருளும் ஒரே மண்ணிலிருந்து வந்தமை, கருத்தும் கருவியும் வேறுபடாத கலைநேர்மைக்குச் சான்றாகும்.

விடுதலைக்குப்பின் அரசியலமைப்பின் மூலப்படியை அணிசெய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாணவர் துணையுடன் அவர் முடித்த அவ்வோவிய வரிசை, வரலாற்று மாந்தரைக் கடந்து, இமயமும் பாலையும் கடலும் தோன்ற நிறைவுறுகிறது. நாட்டின் சட்டநூல் நிலத்தின் உருவோடு முடிவது எண்ணி மகிழத்தக்கது.

நிறைவுரை

1954இல் பத்மவிபூசண் விருது பெற்ற நந்தலால், 1966 ஏப்ரல் 16ஆம் நாள் மறைந்தார். சாந்திநிகேதன் 2023இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆயினும் அவர் நடந்து திரிந்த வட்டாரத்தில் பெருகிய கட்டடங்கள் குறித்த வழக்கு, 2005இலேயே உச்ச நீதிமன்றம் வரை சென்றதையும் நாம் மறத்தலாகாது. ஓவியத்தைக் காட்சிக்கூடத்தில் காத்து, ஓவியம் பிறந்த நிலத்தை இழப்பது அவரைப் போற்றும் முறையாகாது. ஒரு மரத்தின்முன் பொறுமையாக நின்று அதனை அறிந்துகொள்வதே அவர் விட்டுச்சென்ற பாடம். அப்பாடத்தைக் கற்றவர் மரத்தை வெட்டுமுன் ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பர்.