குதிரைகளின் கொடுநோய்க்குக் காரணம் கண்ட கிரிபித் எவன்ஸ்

மருத்துவ மேதைகள் என்றதும் பாஸ்டர், கொக் முதலியோரின் பெயர்களே நம் நினைவில் எழுகின்றன. வாயில்லாச் சீவன்களின் பிணி தீர்க்க உழைத்த மிருக வைத்தியர்களை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. கிரிபித் எவன்ஸ் அத்தகையோருள் ஒருவர்.

வேல்ஸ் நாட்டில் டவின் என்னும் ஊருக்கு அண்மையில் 1835 ஓகஸ்ட் 7ஆம் நாள் இவர் பிறந்தார். இலண்டன் மிருக வைத்தியக் கல்லூரியில் 1855இல் தேறி, 1860இல் பீரங்கிப் படையின் குதிரை வைத்தியரானார். மறுவருடம் கனடாவின் மொன்றியல் நகருக்கு அனுப்பப்பட்ட இவர், படைக்குதிரைகளைப் பேணியவாறே மக்கில் பல்கலைக்கழகத்தில் மனித வைத்தியமும் கற்று 1864இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலே அமெரிக்க உள்நாட்டுப் போரைக் காணச் சென்று ஆபிரகாம் லிங்கனைச் சந்தித்ததும் உண்டு. அது தனிக்கதை, இங்கே விரிக்க இடமில்லை.

1877இல் எவன்ஸ் இந்தியா சென்றார். மூன்றாண்டுகளின் பின், சிந்து நதிக்கரையிலுள்ள தேரா இஸ்மாயில்கான் பகுதியில் குதிரைகளையும் ஒட்டகங்களையும் மாய்த்துவந்த சுர்ரா என்னும் நோயை ஆராயும் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அழுகிப் போனது எனப் பொருள்படும் அவ்வூர்ச் சொல்லே நோயின் பெயராயிற்று. காய்ச்சல் விட்டுவிட்டு வரும். தோலில் தடிப்புகள் எழும். வயிற்றின் அடிப்புறமும் கால்களும் வீங்கும். தீனி உண்டபோதும் உடல் மெலிந்து, குருதி வற்றிக் குதிரை மடியும்.

நோயுற்ற குதிரையின் குருதியை நுணுக்குக்காட்டியில் நோக்கிய எவன்ஸ், செங்குருதிக் கலங்களிடையே துடிதுடித்து நெளியும் நுண்ணுயிர்களைக் கண்டார். கண்டதோடு அமையாது, அக்குருதியை நலமுள்ள விலங்குகளுக்கு ஏற்றி அவையும் அதே நோய் எய்துவதைக் காட்டினார். ஈக்கடியே காரணமென அவ்வூர் மக்கள் கூறிவந்ததையும் இவர் புறந்தள்ளவில்லை.

ஆயினும் மேலதிகாரிகள் இவருடைய அறிக்கையை ஏற்றாரல்லர். எலிகளின் குருதியில் இத்தகைய உயிரியைத் திமொத்தி லூயிஸ் முன்னரே கண்டிருந்தார். அது எலிக்குத் தீங்கு செய்யவில்லை. ஆகவே குதிரையிலும் செய்யாது என்பது அவர்கள் வாதம். எலிக்கு ஒத்தது குதிரைக்கும் ஒக்கும் என அவர்கள் கொண்டது நமக்கு வியப்பையே தருகிறது! 1895இல் டேவிட் புரூஸ் ஆபிரிக்கக் கால்நடைகளின் நகானா நோயில் இவ்வினத்து ஒட்டுண்ணியைக் கண்ட பின்னரே எவன்சின் கண்டுபிடிப்பின் பெருமை நன்கு விளங்கிற்று. நோய் விளைக்கும் திரிப்பனோசோமா இனத்துள் முதன்முதல் கண்டறியப்பட்டது இவருடையதே. திரிப்பனோசோமா எவன்சி என்று அது இவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஒரு குதிரையின் குருதியை அரைகுறையாக உறிஞ்சிய ஈ, விரட்டப்பட்டு மற்றொன்றின் மீது அமரும்போது, வாயில் ஒட்டிய குருதியோடு நோயும் சென்றுவிடுகிறது. லெனாட் ரோஜர்ஸ் 1901இல் இதனைச் சோதனையால் நிறுவினார். ஆகவே நோயுற்றதைப் பிரித்துக் கட்டுவதும் ஈயை அகற்றுவதும் மருந்துக்கு நிகரானவை. சிகிச்சையில் முதலில் பாடாண மருந்துகள் பயன்பட்டன. அவற்றின் நச்சுத்தன்மை குதிரைகளை வருத்தியது. பின்னர் சுராமின், குயினாபைரமின் ஆகியன வந்தன. இவற்றாலும் முற்றாக ஒழியாத ஒட்டுண்ணி சில வேளை மூளையில் ஒளிந்திருந்து மீண்டும் தலைகாட்டுமாதலால், குணமடைந்ததாகத் தோன்றும் குதிரையின் குருதியையும் மறுபடி பரிசோதித்தல் வேண்டும். மேற்போர்வையை அடிக்கடி மாற்றிக்கொள்ளும் இவ்வுயிரிக்குத் தடுப்பூசி இன்னும் அமையவில்லை.

1890இல் ஓய்வுபெற்ற எவன்ஸ், வேல்சின் பாங்கர் நகரில் குடியேறிக் கல்லூரியில் கால்நடைச் சுகாதாரம் போதித்தார். லிவர்பூல் வெப்பமண்டல வைத்தியக் கல்லூரி மேரி கிங்ஸ்லி பதக்கத்தை 1917இல் இவருக்கு வழங்கியபோது இவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. நூறாவது பிறந்தநாளையும் கண்ட இவர், 1935 டிசெம்பர் 7ஆம் நாள் காலமானார்.