சேலத்தில் பிறந்த பேசும்படங்கள்

குழந்தைகளே, சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையோரம் ஒரு பழைய வளைவைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவாயில். அந்த ஸ்டுடியோவை உருவாக்கியவர் டி.ஆர்.சுந்தரம்.

இவர் 1907-ஆம் ஆண்டு, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள திருச்செங்கோட்டில் பிறந்தார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்று நெசவுத் தொழில்நுட்பம் படித்தார். ஊர் திரும்பியவரின் மனமோ பேசும்படத்தை நாடியது. 1935-இல் ஸ்டுடியோவைத் தொடங்கினார். 1937-இல் முதல் படமான 'சதி அகல்யா' வெளிவந்தது. 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்ற வண்ணப்படத்தைத் தந்து தமிழ்நாட்டையே வியக்க வைத்தார்.

அந்தப் படங்களில் குரல் எங்கே ஒளிந்திருந்தது தெரியுமா? பிலிமின் ஓரத்தில்! படங்களுக்குப் பக்கத்தில் மெல்லிய ஒலிப்பட்டை ஒன்று ஓடும். அதன் வழியே விளக்கின் ஒளி கூடிக் குறைந்து பாயும். ஒளி மின்கலம் அதை மின்சாரமாக்கும். ஒலிபெருக்கி அதைக் குரலாக்கும்.

இன்று குரலை 0, 1 என்ற எண்களாகச் சேமிக்கிறோம். அதில் ஒற்றை பிட் முறை என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு கணத்துக்கும் ஒரே ஓர் எண்தான். 0 அல்லது 1. இதை வைத்து எப்படிப் பாட்டு வரும்?

செய்தித்தாளின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கறுப்புப் புள்ளியும் வெற்றுத் தாளும்தான் தெரியும். கண்ணாடியை எடுத்தால், புள்ளி அடர்ந்த இடம் கருமையாகவும் மற்ற இடம் சாம்பலாகவும் தோன்றும். ஒலியிலும் அப்படியே. 1-கள் நெருங்கி வந்தால் மின்னழுத்தம் உயரும். 0-கள் மிகுந்தால் தாழும். இந்த வேகமான துடிப்புகளை ஒரு வடிகட்டி சமப்படுத்தி, சீராக ஏறி இறங்கும் மின்சாரமாக்கும். 1999-இல் வந்த சூப்பர் ஆடியோ சிடியில் நொடிக்கு 28,22,400 முறை இப்படி எண்கள் வருகின்றன!

சுந்தரம் 1963-இல் மறைந்தார். அவர் தயாரித்து 1938-இல் வெளியான 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும்படம். அதன் பிலிம் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. பிலிம் அழிந்தபோது ஓரத்தில் இருந்த குரலும் அழிந்துவிட்டது. எண்களையோ எத்தனை முறை நகலெடுத்தாலும் ஒலி குறையாது. ஆனால் யாராவது நகலெடுத்து வைக்க வேண்டுமே!

உங்கள் தாத்தா, பாட்டியின் குரலைச் செல்போனில் பதிவு செய்திருக்கிறீர்களா? இன்றே இன்னோர் இடத்திலும் நகலெடுத்து வையுங்கள்.