யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி

யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி (டிசம்பர் 20, 1890 - மார்ச் 27, 1967) செக் நாட்டைச் சேர்ந்த வேதியியலாளர். போலரோகிராபி எனப்படும் மின்வேதியியல் பகுப்பாய்வு முறையைக் கண்டறிந்தவர். இதற்காக 1959 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். மருந்துகளிலும் குருதி, சிறுநீர் போன்ற உடல் நீர்மங்களிலும் உள்ள மருந்துப் பொருளை மின்னோட்டத்தின் மூலம் அளக்கும் முறைகள் பலவற்றுக்கு இவரது பணியே அடித்தளமாகும்.

வாழ்க்கைச் சுருக்கம்

ஹெய்ரோவ்ஸ்கி பிராகா நகரில் பிறந்தார். இவருடைய தந்தை லியோபோல்டு, சார்லசுப் பல்கலைக்கழகத்தில் உரோமானியச் சட்டப் பேராசிரியராக இருந்தவர். யாரோஸ்லாவ் அப்பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் பயின்றபின், 1910 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு வில்லியம் ராம்சே, டோனன் ஆகியோரிடம் கற்று, 1913 இல் இளநிலைப் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரின்போது படை மருத்துவமனையில் மருந்து கலந்து வழங்குபவராகவும் ஊடுகதிர்ப் பிரிவிலும் பணியாற்றினார். 1918 இல் பிராகாவில் முனைவர் பட்டம் பெற்றார்.

பாதரசத் துளி

இயற்பியல் பேராசிரியர் பொகுமில் குச்செராவின் தூண்டுதலால், மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டும் பாதரசத்தின் பரப்பு இழுவிசையை ஹெய்ரோவ்ஸ்கி ஆராயத் தொடங்கினார். பின்னர், துளிகளை எடை பார்ப்பதற்கு மாற்றாக, அவற்றின் வழியே பாயும் மின்னோட்டத்தை அளந்தார். பிப்ரவரி 10, 1922 அன்று முதல் வெற்றி கிட்டியது.

திண்ம மின்முனைகளின் பரப்பில் வேதிவினையின் விளைபொருட்கள் படிவதால், ஒரே கரைசலை மீண்டும் அளக்கும்போது விடை மாறிவிடும். பாதரசத் துளியோ சில நொடிகளுக்கு ஒருமுறை விழுந்து, புதிய துளிக்கு இடம் கொடுக்கிறது. எனவே பரப்பு எப்போதும் தூய்மையாக இருக்கிறது. மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும்போது மின்னோட்டம் அலைபோல் எழும். அலை எழும் மின்னழுத்தம் பொருள் எதுவென்பதையும், அலையின் உயரம் அதன் அளவையும் காட்டும்.

1924 இல் யப்பானிய வேதியியலாளர் மசுசோ ஷிக்காட்டாவுடன் இணைந்து, இவ்வளைகோட்டை ஒளிப்படத் தாளில் தானே பதிவு செய்யும் போலரோகிராப் கருவியை உருவாக்கினார். 1934 இல் இவருடன் பணியாற்றிய டியோனீஸ் இல்கோவிச், மின்னோட்டத்துக்கும் செறிவுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக வகுத்தார்.

மருந்துப் பகுப்பாய்வில்

குளோரம்பெனிக்காலில் உள்ள நைட்ரோ தொகுதியும் டயசிபாமில் உள்ள கார்பன்-நைட்ரசன் இரட்டைப் பிணைப்பும் பாதரசத் துளியில் ஒடுக்கமடைந்து அலையைத் தருகின்றன. மாத்திரையின் மாவுப் பொருட்களோ கரைசலின் கலங்கலோ பெரும்பாலும் இடையூறு செய்வதில்லை. ஆயினும் குருதியில் மருந்தின் செறிவு மிகக் குறைவு. தொடக்ககால முறைக்கு அது எட்டவில்லை. பின்னர் வந்த துடிப்பு முறைகள் இக்குறையைப் பெரிதும் நீக்கின.

பாதரசம் தானே எளிதில் ஆக்சிசனேற்றம் அடைவதால், பாராசித்தமோல் போன்ற ஆக்சிசனேற்றமடையும் மருந்துகளுக்குக் கார்பன் மின்முனைகள் பயன்படுகின்றன. பாதரசத்தின் நச்சுத்தன்மையாலும் குரோமட்டோகிராபி முறைகளின் வளர்ச்சியாலும் போலரோகிராபியின் பயன்பாடு பிற்காலத்தில் குறைந்தது. எனினும் மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் அடிப்படை, இன்றைய மின்வேதி உணரிகள் பலவற்றில் தொடர்கிறது.

பிற்காலம்

1950 இல் பிராகாவில் நிறுவப்பட்ட போலரோகிராபி நிறுவனத்துக்கு ஹெய்ரோவ்ஸ்கி இயக்குநரானார். நோபல் பரிசு பெற்ற முதல் செக்கோஸ்லோவாக்கியக் குடிமகன் இவரே. செக் அறிவியல் கழகத்தின் இயற்பிய வேதியியல் நிறுவனம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.