இரண்டு டக்ளஸ்களுக்கு நடுவே லிங்கன்

2024 நவம்பரில் அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல். வாக்குப் பதிவு அங்கே. பதாகை கட்டியதோ மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரத்தில்! கமலா ஹாரிசின் தாய்வழிப் பாட்டனார் பி.வி.கோபாலனின் பூர்வீக ஊர் அது. கோயிலில் வழிபாடு நடந்தது. செய்தியாளர் படை வந்து இறங்கியது. அம்மையார் தோற்றார்; டொனால்ட் டிரம்ப் வென்றார்.

அந்த நாட்களில் போடிநாயக்கனூரிலும் அமெரிக்கப் பேச்சுத்தான். பொழுது விடியுமுன் மலைக்குப் போகும் ஜீப்புக்காகக் காத்து நிற்கும் தோழர்கள், தேநீர்க் குவளையைக் கையில் ஏந்தியபடியே வெள்ளை மாளிகையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் நம்மவர், யார் அயலார், யார் பேசினால் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது என்றெல்லாம் அலசினார்கள். அந்த இரு கட்சிகளும் எதற்காக மோதிக்கொள்கின்றன என்ற ஒன்றை மட்டும் அலசவில்லை. அதற்காக அவர்களைக் குறை கூறுவானேன்? நம் ஊர்த் தேர்தலிலேயே பல நேரம் வேட்பாளரின் முகத்தைப் பற்றித்தான் பேச்சு. கூலியைப் பற்றிப் பேச்சில்லை.

அரசியல் பேசக் கூடாது என்று கடைச் சுவரில் எழுதி மாட்டுகிறார்களே, அந்த வழக்கத்துக்கு நாம் பகை. உழைப்பாளி கட்சி பேச வேண்டும். உரக்கப் பேச வேண்டும். எதைப் பற்றிப் பேசுவது, எதிர்க்கட்சிக்காரனை எப்படி நடத்துவது என்பதில்தான் நமக்கு அக்கறை. இந்த இரண்டுக்காகவும் அமெரிக்காவின் 16 ஆவது குடியரசுத் தலைவருடைய வாழ்வைச் சொல்லப் புகுகிறோம்.

1809 பிப்ரவரி 12 அன்று, கென்டக்கி மாநிலத்துக் காட்டுப்புறத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஓரறைக் குடிலில் பிறந்தார் ஆபிரகாம் லிங்கன். (அதே நாளில்தான் இங்கிலாந்தில், வசதி மிக்க மனையொன்றில், சார்லஸ் டார்வின் பிறந்தார். சாதகம் கணிப்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்களோ!) தந்தை தாமஸ் தச்சும் உழவும் தெரிந்தவர்; தம் பெயரை எழுதுவதற்கு மேல் எழுத்தறியாதவர். பிள்ளைக்கு 9 வயதானபோது தாய் இறந்தார். மாடு மேய்ந்த நச்சுச் செடியின் கேடு, பால்வழியே மனிதரைக் கொல்லும் நோய் அது. மாற்றாந்தாயாக வந்த சாரா, கதைகளில் வரும் சிற்றன்னை அல்லர். பிள்ளை புத்தகம் படிப்பதைக் காத்து வளர்த்தவர். பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் ஓராண்டு நிரம்பாது. மீதிக் காலமெல்லாம் கையில் கோடரி. மரம் வெட்டுவது, கட்டையைப் பிளந்து வேலி அடைப்பது, தட்டைப் படகில் சரக்கேற்றி நியூ ஆர்லியன்சு வரை ஓட்டிச் செல்வது. அடிமைச் சந்தைக்குப் பேர்போன நகரம் அது.

22 வயதில் இல்லினாய் மாநிலத்து நியூ சேலம் என்னும் சிற்றூருக்கு வந்தார். கூட்டாகக் கடை வைத்தார், கடை மூழ்கியது, கடன் நின்றது. ஊரை விட்டு ஓடவில்லை. பல ஆண்டுகள் உழைத்து அடைத்தார். 1832 இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். ஆனால் அவரை அருகிலிருந்து பார்த்த நியூ சேலம் மட்டும் 300 வாக்குகளில் 277 ஐ அவருக்குப் போட்டது. சொந்த ஊரில் வைப்புத்தொகை இழக்கும் வீரர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். 1834 இல் வென்றார். இரவல் நூல்களைப் படித்து வழக்கறிஞரானார். மணம் முடித்தார், பிள்ளைகளைப் பெற்றார், சிலரை இழந்தார், 1847 முதல் 1849 வரை நாடாளுமன்றத்தில் ஒரு முறை அமர்ந்தார், திரும்பி வந்து வழக்காடிக் கொண்டிருந்தார். கதை இதோடு முடிந்திருக்கும். முடியவிடாமல் செய்தவர் ஸ்டீபன் டக்ளஸ்.

அதே இல்லினாயின் செனட் உறுப்பினர். ஜனநாயகக் கட்சியின் பெருந்தூண். உயரம் 5 அடி 4 அங்குலம், குரலோ முழக்கம். எதிரில் நின்ற லிங்கனோ 6 அடி 4 அங்குலம், குரலோ கீச்சுக்குரல்! 1854 இல் டக்ளஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். கான்சாஸ், நெப்ராஸ்கா நிலப்பரப்பில் குடியேறுகிறவர்களே வாக்களித்து, அங்கே அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளட்டும் என்பது அதன் சாரம். கேட்கும்போது இனிக்கிறதல்லவா? மக்கள் தீர்ப்பு என்ற பொன்முலாம் அதற்கு!

தோழர்களே, போடிமெட்டு ஏறினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத் தோட்டங்கள். நம் தாய்மாரும் தங்கையரும் நாள்தோறும் போய்க் காய் எடுத்து வருவது அங்கே, கேரளத்து எல்லைக்குள். வாக்கு இருப்பதோ மலையடிவாரத்தில், தமிழ்நாட்டில். தோட்டக்காரர்கள் மட்டும் ஒரு மாலை கூடி, காய் எடுப்பவருக்குக் கூலி கொடுக்கலாமா வேண்டாமா என்று கை தூக்கி வாக்கெடுத்தால் அதுவும் வாக்கெடுப்புத்தான். அதிலும் பெரும்பான்மை கிடைக்கும். யாருடைய வயிற்றைப் பற்றிய முடிவோ, அவருக்கு மட்டும் அங்கே தூக்கக் கை இல்லை! டக்ளசின் மக்கள் தீர்ப்பு இத்தகையது. மலைக் கூலியும் அடிமைத்தளையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை நாம். தோட்டம் பிடிக்காவிட்டால் மறுநாள் வேறு ஜீப்பில் ஏறலாம். அமெரிக்கத் தென்பகுதியில் அது நடக்காது. மனிதன், அவன் மனைவி, தொட்டிலில் கிடக்கும் பிள்ளை, எல்லாம் கணக்கேட்டில் சொத்து. மாட்டை விற்பதுபோல் விற்கலாம். 1860 இல் அப்படிப்பட்டவர்கள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர்.

ஒரு மனிதன் இன்னொருவனுக்குச் சொத்தா என்பதைப் பெரும்பான்மை முடிவுக்கு விடலாமா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வழக்குமன்றத்தை விட்டு மேடைக்கு வந்தார் லிங்கன். புதிதாகத் தோன்றிய குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். 1858 இல் டக்ளசின் செனட் இடத்துக்கே போட்டி. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஏழு ஊர்களில் இருவரும் ஒரே மேடையில் நின்று வாதிட்டார்கள். முதலில் பேசுபவருக்கு 60 நிமிடம். மறுப்பவருக்கு 90 நிமிடம். முதல்வர் மீண்டும் எழுந்து 30 நிமிடம். மூன்று மணி நேரம்! ஒலிபெருக்கி இல்லாத காலம். உழவரும் கூலிக்காரரும் வெயிலிலும் குளிரிலும் பல்லாயிரவராய் நின்று கேட்டார்கள். நம் மேடைகளில் எதிரியை ஏற்றி 90 நிமிடம் பேசவிடும் துணிவு எந்தக் கட்சிக்கு இருக்கிறது?

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான்காவது வாதத்தில், கறுப்பருக்கு வெள்ளையரோடு முழுச் சமத்துவம் தர வேண்டுமென்பது தம் கருத்தன்று என்று லிங்கன் கூட்டத்துக்கு உறுதி சொன்னார். வாக்குரிமை கூடாது, நடுவர் பதவி கூடாது என்றார். வாக்குக்கு அஞ்சிய பேச்சென்று சிலர் சமாதானம் கூறுவர். அவர் நெஞ்சிலும் அப்போது அதுவே இருந்தது என்பர் வேறு சிலர். எதுவாயினும் அது அழுக்குத்தான். தலைவர் வாழ்வை எழுதுகிறவன் அழுக்கைத் துடைத்துவிட்டு எழுதினால் அது வாழ்வு ஆகாது, வழிபாடு ஆகிவிடும்.

அந்நாளைய ஏடுகளைப் பற்றியும் ஒரு சொல். நாமும் கட்சி ஏட்டில் எழுதுகிறவர்கள் ஆயிற்றே! இரு தரப்பும் சுருக்கெழுத்தாளரை அனுப்பின. குடியரசுக் கட்சி ஏட்டில் லிங்கன் பேச்சு மெருகேறி வந்தது, டக்ளஸ் பேச்சு உளறலாக வந்தது. ஜனநாயகக் கட்சி ஏட்டில் அப்படியே தலைகீழ். பிறகு லிங்கன் இரண்டையும் கத்தரித்து ஒட்டி 1860 இல் நூலாக வெளியிடச் செய்தார். தம் பேச்சைத் தம் கட்சி ஏட்டிலிருந்து எடுத்தார். டக்ளசின் பேச்சை டக்ளசின் கட்சி ஏட்டிலிருந்தே எடுத்தார். எதிரியின் வாதத்தை எதிரி சொன்னபடியே அச்சிட்டும் வெல்ல முடியும் என்ற நம்பிக்கை அது. அதற்காக அவரைச் சூதறியாத துறவி என்று எண்ணிவிடாதீர்கள். 1859 இல் செருமானியக் குடியேறிகளின் வாக்கைக் கருதி ஒரு செருமானிய மொழி ஏட்டையே சத்தமில்லாமல் விலைக்கு வாங்கினார். கட்சிக்காரர், ஐயா, கட்சிக்காரர்!

செனட் தேர்தலில் தோற்றார். செனட் உறுப்பினரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்த காலம் அது. 54 க்கு 46. ஆனால் வாதங்கள் நாடெங்கும் படிக்கப்பட்டுவிட்டன. 1860 மே மாதம் சிகாகோ மாநாட்டில், பெரும் பெயர் பெற்ற சீவார்டை மூன்றாவது சுற்றில் பின்தள்ளி, குடியரசுக் கட்சியின் வேட்பாளரானார். ஜனநாயகக் கட்சியோ இரண்டாய் உடைந்தது. வடக்குக்கு டக்ளஸ், தெற்குக்கு பிரெக்கின்ரிட்ஜ். அடிமை முறையைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று இன்னொரு கட்சி, அதற்கு வேட்பாளர் பெல்.

பிளவு என்றால் என்ன என்று போடிக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1989 இல் அ.தி.மு.க. உடைந்து, இரட்டை இலை முடக்கப்பட்டு, இரட்டைப் புறாவும் சேவலும் இதே போடித் தொகுதியில் மோதின. சேவல் சின்னத்தில் ஜெயலலிதாவும் புறாச் சின்னத்தில் வெண்ணிற ஆடை நிர்மலாவும் நின்றார்கள். போடியில் சேவல் கூவியது. மாநிலத்தில் உதயசூரியன் 13 ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தது. ஆனால் லிங்கன் வெற்றியைப் பிளவின் கொடை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மொத்த வாக்கில் அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 40 க்கும் சற்றுக் குறைவு. தெற்கில் பத்து மாநிலங்களில் அவருக்கு வாக்குச் சீட்டே இல்லை. எனினும் வட மாநிலங்களில் பெரும்பாலானவற்றில், மற்ற மூவரின் வாக்கையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அவருக்கே பெரும்பான்மை. ஆறு ஆண்டுகள் ஒரே கேள்வியைக் கேட்டதன் பலன்.

அந்தத் தேர்தலின் காட்சியே தனி. எண்ணெய்த் துணி மேலங்கி போட்டு, தீவட்டி ஏந்தி, படைபோல் அணிவகுத்தார்கள் குடியரசுக் கட்சி இளைஞர்கள். மேலங்கி எதற்கு? தீவட்டியின் எண்ணெய் சட்டையில் சொட்டாமலிருக்க! வேட்பாளர் ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்பது அந்நாளில் மரியாதைக் குறைவு. லிங்கன் வீட்டிலேயே இருந்தார். டக்ளஸ் வழக்கத்தை உடைத்துப் புறப்பட்டார். அக்டோபரில் நடந்த மாநிலத் தேர்தல்களில் காற்றின் திசை தெரிந்துவிட்டது. தோல்வி உறுதி என்று அறிந்த அந்த மனிதர், உடனே தெற்கே போனார். வாக்குக் கேட்க அன்று. லிங்கன் வென்றாலும் நாட்டை விட்டுப் பிரியாதீர்கள் என்று அந்த மண்ணிலேயே எச்சரிக்க! மக்கள் தீர்ப்பு என்ற அவருடைய கொள்கையை நாம் ஏற்கவில்லை. இந்தப் பயணத்தை வணங்குகிறோம். 1861 மார்ச் 4 இல் லிங்கன் பதவியேற்றபோது, தொப்பியை வைக்க இடமின்றித் தவித்த அவரிடமிருந்து அதை வாங்கித் தம் கையில் வைத்துக்கொண்டவர் டக்ளஸ் என்று சொல்வார்கள். ஏப்ரலில் போர் மூண்டதும் லிங்கனைச் சந்தித்துத் துணை நின்றார். ஒன்றியத்துக்காக ஊர் ஊராகப் பேசினார். ஜூன் 3 இல் 48 வயதில் மறைந்தார்.

இன்னொரு டக்ளஸ் உண்டு. பிரெடரிக் டக்ளஸ், அடிமையாய்ப் பிறந்து 1838 இல் தப்பியோடியவர், பெரும் பேச்சாளர், ஏட்டாசிரியர். இவர் லிங்கனின் எதிர்க்கட்சி அல்லர். ஆனால் லிங்கனை விடாமல் இடித்துரைத்தவர். விடுதலை அறிவிப்பு தாமதமாகிறது என்று கண்டித்தார். 1863 சனவரி 1 இல் அறிவிப்பு வந்தது. கறுப்பர் படையில் சேர்ந்தனர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்குத் துணிக்குப் பிடித்தது போகக் கையில் 7. ஒரே துப்பாக்கிக் குண்டுக்கு இரண்டு கூலியா என்று வெள்ளை மாளிகைக்கே போய் முறையிட்டார் டக்ளஸ். 1864 ஜூனில் நாடாளுமன்றம் கூலியைச் சமமாக்கியது.

அதே 1864 இல் மறுபடி தேர்தல். உள்நாட்டுப் போரின் நடுவில்! எதிரே நின்றவர், லிங்கன் பதவி நீக்கிய தளபதி மெக்லெல்லன். ஆகஸ்டில் தோல்வி உறுதி என்று லிங்கனே நம்பினார். தேர்தலைத் தள்ளிப்போட வழி தேடவில்லை. ஒரு தாளில் எழுதி, மடித்து ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாமலே அமைச்சர்களிடம் புறத்தில் கையொப்பம் வாங்கினார். தாம் தோற்றால், வென்றவரோடு ஒத்துழைத்து அவர் பதவியேற்பதற்குள் நாட்டைக் காக்க வேண்டும் என்பதே உள்ளே இருந்தது. போர்க்களம் திரும்பியது, நவம்பரில் 212 க்கு 21 என்று வென்றார்.

1865 மார்ச்சில் பதவியேற்பு விருந்துக்கு வந்த பிரெடரிக் டக்ளசைக் காவலர் வாயிலில் மறித்தார்கள். செய்தி லிங்கனுக்கு எட்டியது. உள்ளே வரவழைத்து, எல்லோர் முன்னிலையிலும் நண்பர் என்று வரவேற்று, தம் பேச்சைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டார். ஏப்ரல் 11 இல், கறுப்பருள் படித்தவருக்கும் போர்புரிந்தவருக்கும் வாக்குரிமை தரலாம் என்று வெளிப்படையாகப் பேசினார். ஏழு ஆண்டுகளுக்கு முன் கூடாது என்ற அதே வாய்! கூட்டத்தில் நின்று கேட்டவர்களில் ஒருவன் ஜான் வில்க்ஸ் பூத் என்ற நடிகன். மூன்றாம் நாள் இரவு, போர்டு நாடக அரங்கில், லிங்கனின் தலைக்குப் பின்னால் சுட்டான். மறுநாள் காலை, ஏப்ரல் 15 இல், லிங்கன் மறைந்தார்.

அடிமை முறையை அடியோடு ஒழித்த 13 ஆவது சட்டத் திருத்தம், போதிய மாநிலங்களின் ஒப்புதல் பெற்று 1865 டிசம்பரில் நிறைவேறியது. லிங்கன் பிறந்த கென்டக்கி அப்போது ஒப்ப மறுத்தது. அந்த மாநிலச் சட்டமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது 1976 இல்.