அரசின் கணக்கை அரசிடமே கேட்ட பெருமகன்: தாதாபாய் நௌரோஜி

மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் மின்சார இரயிலேறி, நம் பெரியோர் இன்றும் வி.டி. என்றே வழங்கும் முனையத்தில் இறங்கிக் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர் நாள்தோறும் நடக்கும் சாலை ஒன்று உண்டு. முன்னாளில் ஹார்ன்பி சாலை எனப்பட்ட அது, இன்று தாதாபாய் நௌரோஜி சாலை எனப்படுகிறது. அதன் தென்கோடியில், புளோரா நீரூற்றின் அருகே, அப்பெருமகனாரின் சிலையும் உள்ளது. டி.என். ரோடு என்று பெயரைச் சுருக்கிக்கொண்ட நாம், பெயருக்குரியவரையும் மறந்துவிடலாகாது. அவர் தமிழரல்லர், எனினும் தஞ்சை உழவனின் வறுமைக்கும் சேர்த்தே இலண்டன் மாநகரில் வாதாடியவர்.

தாதாபாய் 1825ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தார். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். எழுத்தறியாத அன்னை மானெக்பாய் மறுமணம் செய்துகொள்ளாது, மகனின் கல்வியையே தம் வாழ்வாகக் கொண்டார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் கட்டணமின்றிக் கல்வி கிடைத்தது. ஏழை எளியவரின் வரிப்பணத்தால் தாம் கற்றதாகவும், அக்கடனைத் தம் உழைப்பால் தீர்க்க வேண்டுமென்றும் இளமையிலேயே அவர் உறுதி பூண்டார். அவர் வாழ்நாளின் செயல்கள் யாவும் அந்த உறுதியினின்றே கிளைத்தவை எனலாம்.

1850களில் அதே கல்விக்கூடத்தில் கணிதத்திற்கும் இயற்கை அறிவியலுக்கும் பேராசிரியரானார். அந்நிலையை எய்திய முதல் இந்தியர் அவரே. பெண்கள் ஏடெடுப்பதே குற்றமென்று கருதப்பட்ட அந்நாளில், 1849ஆம் ஆண்டில், அவரும் நண்பர்களும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தனர். வீடுவீடாகச் சென்று, தந்தையரிடம் இரந்து, பிள்ளைகளை அழைத்து வந்தனர். 1851இல் ராஸ்த் கோப்தார் என்னும் குஜராத்தி இதழையும் அவர் தொடங்கினார்.

1855இல் காமா குடும்பத்தாரின் வணிக நிறுவனத்தில் பங்காளியாகி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அபினியும் மதுவும் விற்றுப் பொருள் ஈட்டுவதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. பிரிந்து சென்று, 1859இல் தம் பெயரிலேயே பருத்தி வணிகம் தொடங்கினார். இலண்டன் பல்கலைக் கல்லூரியில் குஜராத்திப் பேராசிரியராகவும் பணியாற்றினார். ஆயினும் அவர் உள்ளத்தை ஒரு வினா ஓயாது அரித்துக்கொண்டிருந்தது. வளமிக்க இந்திய நாடு ஏன் ஆண்டுதோறும் மெலிகிறது என்பதே அவ்வினா.

அந்நாளைய பிரிட்டிஷ் அமைச்சர்கள் பாராளுமன்றத்தில் எழுந்து, இந்தியா ஒழுக்கத்திலும் செல்வத்திலும் முன்னேறி வருவதாக ஆண்டுதோறும் அறிக்கை படித்தனர். அறிக்கையின் பெயரே அப்பொருளில்தான் அமைந்திருந்தது. தாதாபாய் அதை மறுத்து மேடையில் முழங்கியதோடு நிற்கவில்லை. அரசே அச்சிட்ட நீலப் புத்தகங்களை வாங்கி, விளைச்சல் கணக்கையும் வரிக் கணக்கையும் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கையும் வரிவரியாகக் கூட்டிக் கழித்தார். கணிதப் பேராசிரியரல்லவா! 1867இல் கிழக்கிந்தியச் சங்கத்தில் படித்த உரையில், இந்தியாவில் தண்டப்படும் வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நாட்டைவிட்டே வெளியேறுகிறது என்று காட்டினார். 1876இல் பம்பாயில் படித்த இந்தியாவின் வறுமை பற்றிய கட்டுரையில், ஓர் இந்தியனின் சராசரி ஆண்டு வருவாய் 20 ரூபாய் என்று கணக்கிட்டார். சிறைச்சாலையில் ஒரு கைதிக்கு உணவும் உடையும் அளிக்க அரசு செலவிட்ட தொகை அதனினும் மிகுதி என்பதை அரசின் ஏட்டிலிருந்தே எடுத்து வைத்தார். குற்றமற்ற குடியானவனுக்குக் கைதியின் கஞ்சியும் கிட்டவில்லை என்பதே அக்கணக்கின் பொருள்.

இச்செல்வ வடிதலை நம் போன்றோர் எளிதில் உணரலாம். தாராவியின் தோல் பதனிடும் கொட்டகைகளில் உழைத்த நம் முன்னோர் திருநெல்வேலிக்கு மணியார்டர் அனுப்பினர். அது அவர்தம் உழைப்பின் கூலி. அவர்தம் உரிமைப் பொருள். அவ்வுழைப்பின் பயனாகிய தோல் இந்நகரிலேயே இருந்தது. ஆனால் ஆங்கில அதிகாரிகளின் சம்பளச் சேமிப்பும், ஓய்வூதியமும், இரயில் கடனுக்கு உறுதியளிக்கப்பட்ட வட்டியும், இலண்டன் இந்தியா அலுவலகச் செலவும், இந்திய எல்லைக்கு அப்பால் நடந்த போர்களின் செலவும் இந்திய உழவனின் வரியிலிருந்தே சென்றன. உயர்பதவியின் ஊதியமும் அப்பதவி தரும் பட்டறிவும் ஒருசேரக் கடல் கடந்தன. மழைநீர் ஆறாய் ஓடினாலும் மீண்டும் முகிலாகித் திரும்பும், இச்செல்வமோ திரும்பவேயில்லை.

1874இல் பரோடாவின் திவானாகப் பொறுப்பேற்ற தாதாபாய், அங்கு மலிந்திருந்த ஊழலைக் களைய முயன்றார். மன்னர் மல்ஹார் ராவின் ஒத்துழைப்பின்மையும், பிரிட்டிஷ் ரெசிடெண்டாகிய கர்னல் பெயரின் பகைமையும் அவரை நெருக்கவே, ஏறத்தாழ ஓராண்டிலேயே பதவியைத் துறந்தார். பின்னர்ப் பம்பாய் நகராட்சியிலும், 1885இல் சட்டசபையிலும் பணியாற்றினார்.

அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள், பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரியில் காங்கிரசின் முதல் மாநாடு கூடியது. வந்திருந்த 72 பேராளருள் தாதாபாயும் ஒருவர். அம்மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் தமிழகத்து ஜி. சுப்பிரமணிய ஐயர் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். இந்திய ஆட்சி நடக்கும் முறையை ஆராய அரச விசாரணைக் குழு ஒன்று வேண்டும் என்பது அத்தீர்மானம். அது எங்ஙனம் பலித்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சட்டம் இயற்றப்படும் இடத்திலேயே நின்று கேட்டாலன்றி நீதி கிடைக்காதென்று துணிந்த தாதாபாய், 1886இல் இலண்டன் ஹோல்பர்ன் தொகுதியில் நின்று தோற்றார். ஈராண்டுகள் கழித்து, பிரதமர் சாலிஸ்பரி பிரபு எடின்பரோவில் பேசுகையில் அத்தேர்தலைக் குறிப்பிட்டு, ஒரு கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஆங்கிலத் தொகுதி எதுவும் இன்னும் வரவில்லை என்னும் பொருள்படப் பேசிவிட்டார். இகழ நினைத்த சொல்லே புகழுக்கு ஏணியாயிற்று. அதுவரை தாதாபாயின் பெயரையே கேளாத ஆங்கிலேயரும் அவரை அறிந்துகொண்டனர். கிளாட்ஸ்டன் போன்ற பெருந்தலைவர் அப்பேச்சைக் கண்டித்தனர். பிரதமரைவிடத் தாதாபாயே வெளுத்த நிறத்தவர் என்று இதழ்கள் எள்ளி நகையாடின.

1892ஆம் ஆண்டு ஜூலைத் தேர்தலில் மத்திய பின்ஸ்பரித் தொகுதியில் லிபரல் கட்சி வேட்பாளராக நின்றார். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அவரை ஆதரித்து எழுதினார். வாக்குகள் எண்ணப்பட்டபோது மூன்று வாக்குகளில் வென்றார். மறுமுறை எண்ணியபோது அது ஐந்தாக உயர்ந்தது. ஐந்தே வாக்குகள்! எனினும் வெற்றி வெற்றியே. பார்சி மறைநூலின் மீது உறுதிமொழி கூறி, 66 வயதில் அவர் அவையில் அமர்ந்தார். தம் தொகுதி மக்களின் குறைகளையும், அயர்லாந்தின் தன்னாட்சியையும், மகளிர் உரிமையையும் அவர் ஆதரித்தார். எனினும் இந்தியாவே அவர் மூச்சு.

ஐ.சி.எஸ். தேர்வு அந்நாளில் இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. 1870களின் இறுதியில் அதற்குரிய வயதும் 21இலிருந்து 19ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. கடல் கடந்து செல்லப் பொருளும் துணிவும் உடைய இந்திய இளைஞர் எத்தனைபேர் இருந்திருப்பர்? 1833ஆம் ஆண்டுச் சட்டமும் 1858ஆம் ஆண்டு அரசியின் அறிக்கையும் நிறமும் பிறப்பும் பதவிக்குத் தடையாகா என உறுதி கூறியிருந்தன. இந்தியாவிலும் உடன்நிகழ்வாகத் தேர்வு நடத்த வேண்டுமென்னும் தீர்மானத்தை 1893 ஜூன் 2ஆம் நாள் ஹெர்பர்ட் பால் என்பார் முன்மொழிய, தாதாபாய் முதலியோர் அதற்காகப் பாடுபட, 84க்கு 76 என்னும் வாக்குக் கணக்கில் அது நிறைவேறியது. ஆனால் தம் கட்சி அரசே அதைச் செயற்படுத்தாது கிடப்பில் போட்டுவிட்டது. அதே ஆண்டில் தம் ஒரே மகன் அர்தேஷிரையும் அவர் இழந்தார். துயரை உள்ளடக்கி, இலாகூர்க் காங்கிரசுக்குத் தலைமை தாங்க இந்தியா வந்தார்.

ஆட்சியாளர் பொதுமேடையில் கூறுவதும், தமக்குள் எழுதிக்கொள்வதும் வேறுவேறு என்பதைத் தாதாபாய் அறிந்திருந்தார். சாலிஸ்பரி பிரபு 1875இல் இந்தியா அமைச்சராயிருந்தபோது எழுதிய குறிப்பொன்றில், இந்தியாவிடமிருந்து குருதி எடுத்தே தீரவேண்டுமாதலின், மெலிந்து கிடக்கும் உழவர் பகுதியை விடுத்துக் குருதி தேங்கிய இடத்தில் கத்தி வைக்க வேண்டுமென்று கருத்துரைத்திருந்தார். வைசிராய் லிட்டன் பிரபு 1878இல் எழுதிய இரகசியக் குறிப்பிலோ, இந்தியர்க்கு அளித்த வாக்குறுதிகள் காற்றில் விடப்பட்டன என ஒப்புக்கொண்டிருந்தார். இவ்விரண்டும் வெளியானபின், தாதாபாய் அவற்றை ஓயாமல் எடுத்துக்காட்டினார். வசைபாடவில்லை, அவர்கள் வாக்குமூலத்தையே அவர்கள்முன் வைத்தார்.

1895 தேர்தலில் அவர் தோற்றார். ஆயினும் அவ்வாண்டே இந்தியச் செலவினத்தை ஆராய வெல்பி பிரபுவின் தலைமையில் அரச விசாரணைக் குழு அமைந்தது. தாதாபாய் அதன் உறுப்பினரானார். 1897இல் வாச்சா, கோகலே, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் இலண்டன் சென்று அக்குழுவின்முன் சாட்சியமளித்தவர், பம்பாயில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்த அதே ஜி. சுப்பிரமணிய ஐயரே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் விதைத்தவர் தம் கண்முன்னே முளையைக் கண்டார். குழுவின் பெரும்பான்மையோர் தாதாபாயின் கருத்தை ஏற்கவில்லை. வெடர்பர்ன், கெய்ன் ஆகியோருடன் சேர்ந்து அவர் தனியறிக்கை தந்தார்.

1901இல் தம் வாழ்நாள் ஆராய்ச்சியை எல்லாம் திரட்டி இலண்டனில் ஒரு பெருநூலாக வெளியிட்டார். இந்தியாவின் வறுமையையும், பிரிட்டிஷ் பண்புக்கு ஒவ்வாத ஆட்சியையும் அதன் தலைப்பிலேயே சேர்த்துக் குறித்தார். அவ்வாண்டே கர்சன் பிரபு, தலைக்கு 30 ரூபாய் வருவாய் என்று கணக்குக் காட்டினார். ஆண்டுக்கு இருபதா முப்பதா என்று வைசிராயே வாதிட வேண்டிய நிலைக்கு அரசைக் கொண்டுவந்து நிறுத்தியதே அக்கிழவரின் வெற்றியன்றோ?

ஆங்கிலேயரின் நீதியுணர்வை நாற்பதாண்டுகள் நம்பிக் காத்திருந்தது பேதைமை அன்றோ என்று இளைஞர் அன்றே கேட்டனர். கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. மனுக்களும் தீர்மானங்களும் குப்பைக் கூடைக்கே சென்றன. ஆனால் அந்த நாற்பதாண்டுக் கணக்கு இல்லையேல், பின்வந்தோர் எதை வைத்து மக்களிடம் பேசியிருப்பர்? தம் ஏமாற்றத்தையும் அவர் மறைக்கவில்லை. 1904இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகச் சோசலிச மாநாட்டில் இந்தியாவுக்காகப் பேசினார். 1906 டிசம்பரில், 81 வயதில், மூன்றாம் முறையாகக் காங்கிரசுத் தலைவராகிக் கல்கத்தாவுக்கு வந்தார். உடல் தளர்ந்தமையால் அவர் உரையைக் கோகலே படித்தார். சுயராச்சியமே நம் குறிக்கோள் என்பது அன்று தலைமைப் பீடத்திலிருந்து ஒலித்தது. நம் பாரதியாரும் அவரைப் போற்றிப் பாடியுள்ளார்.

1907இல் ஊர் திரும்பிய அவர், பம்பாயை அடுத்த வெர்சோவாவில் கடலோரத்தில் அமைதியாக வாழ்ந்தார். 1916இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. 1917 ஜூன் 30ஆம் நாள், 91 வயதில், அவர் மறைந்தார். இந்தியாவிலேயே ஐ.சி.எஸ். தேர்வு முதன்முதலாக நடந்தது 1922இல். பாராளுமன்றத் தீர்மானத்திற்கு 29 ஆண்டுகளுக்குப் பின்.

நம் குடியிருப்புகளிலே இன்று தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞரும் பெண்மணிகளும் பலர். ஊர் விட்டு ஊர் செல்லாமலே தேர்வெழுதும் வாய்ப்புக்காக ஒருவர் தம் முதுமையை அயல்நாட்டில் செலவிட்டார் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று. அமைச்சர் ஒருவர் நாடு செழிக்கிறதென்று கூறும்போது, எந்தக் கட்சியினராயினும், கைதட்டுமுன் கணக்கைக் கேட்பதும், வாக்குறுதியைத் தேதியோடு குறித்து வைப்பதும் குடிமக்களின் கடமை. அக்கடமையைச் செய்து காட்டிய பெரியாரின் நூல்கள் நூலகங்களில் இன்றும் கிடைக்கின்றன. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டுங்கள். வழியில் அச்சிலையின் கீழ்ச் சற்று நின்று, அவர் யாரென்றும் சொல்லுங்கள்.