எண்களை வகுத்தவர்

நிகழ்வெண் பரவல் அட்டவணை அமைக்கும்போது பிரிவின் அகலம் மிகுந்தால் வேறுபாடுகள் மறைந்துவிடும். குறைந்தால் தற்செயலான ஏற்ற இறக்கங்களே மேலோங்கித் தோன்றும். வகுப்பறையில் எளிதாகத் தோன்றும் இக்கணக்கு, ஒரு நாட்டின் ஏழைகள் அரசின் கண்ணுக்குப் புலப்படுவார்களா என்னும் வினாவாக ஒருவர் முன் வந்து நின்றது. அவர் பிரசந்த சந்திர மகலனோபிஸ்.

1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த அவர் கேம்பிரிட்ஜில் பயின்றவர். 1915இல் தாயகம் திரும்ப முற்பட்டபோது, முதல் உலகப் போரினால் கப்பல் புறப்படக் காலந்தாழ்ந்தது. காத்திருந்த நாள்களில் கல்லூரி நூலகத்தில் 'பயோமெட்ரிகா' என்னும் புள்ளியியல் இதழ் அவருக்கு அறிமுகமாயிற்று. அதன் தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றிக்கொண்டே, 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கினார்.

அவரது முயற்சியால் 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கிற்று. களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று குடும்பச் செலவைக் கேட்டறிந்தனர். குவிந்த எண்களை எவ்வாறு வகுப்பது?

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில், அரங்கநாதர் குடைவரைக் கோயில் அமைந்த குன்றின் அடியில் வாழ்வோரிடம் அக்காலத்தில் இவ்வாறு கேட்டதாகக் கொள்வோம். கடலை பறிக்கும் கூலியாள்கள் பலர், நிலமுடையோர் சிலர். ஒருவருக்கு ஆகும் மாதச் செலவை 50 ரூபாய் அகலமுள்ள சம பிரிவுகளாக வகுத்தால், ஊரில் பெரும்பாலோர் முதற் பிரிவிலேயே அடங்கிவிடுவர். அரைவயிறு உண்பவரும் ஓரளவு வாழ்பவரும் ஒரே கட்டத்தில் ஓர் எண்ணாகிவிடுவர். அகலத்தை 5 ரூபாயாகக் குறைத்தாலோ, மேற்பிரிவுகளில் ஒருவர் இருவரே எஞ்சுவர். பல கட்டங்கள் வெறுமையாகும். கீழே குறுகியும் மேலே விரிந்தும் சமமற்ற அகலங்களை வைத்துக்கொள்ளலாம். ஆயினும் விலைவாசி உயர்ந்த பின் அதே 5 ரூபாய் அதே வாழ்க்கையைக் குறிக்காது. அப்போது இரு காலங்களை எவ்வாறு ஒப்பிடுவது?

மகலனோபிஸ் பணத்தின் அகலத்தை விட்டு மக்களின் எண்ணிக்கையைப் பற்றிக்கொண்டார். குறைந்த செலவினர் முதல் மிகுந்த செலவினர் வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பிரிவிலும் சம எண்ணிக்கையினர் அமையுமாறு வகுத்தார். நூற்றுக்குப் பத்துப் பேர் வீதம் என்றால் பத்துப் பிரிவுகள். இனி அடித்தட்டுப் பத்து விழுக்காட்டினர் தம் செலவில் எத்தனை பங்கைத் தானியத்துக்குச் செலவிட்டனர் என்பதை இரு ஆண்டுகளுக்கும் ஒப்பிடலாம். ஒரே மக்களிடமிருந்து தனித்தனியே இரு மாதிரிகள் எடுத்து, இரண்டு கோடுகளை வரைந்தார். அவற்றின் இடைப்பட்ட பரப்பு பிழையின் அளவைக் காட்டியது. தம் கணக்கு எவ்வளவு தவறக்கூடும் என்பதை வரைபடத்திலேயே வெளிப்படையாக வைத்த இந்த நேர்மை, முறையைக் காட்டிலும் அரியது எனலாம். இம்முறை 1960இல் 'எகானோமெட்ரிகா' இதழில் வெளிவந்தது.

அதே ஆண்டில், திட்டங்களின் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதை ஆராயும் குழுவுக்கு அவர் தலைவரானார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு வரைவு வகுத்தவரும் அவரே. பத்தாண்டுத் திட்டங்களுக்குப் பின்னும் பொருளாதார ஆற்றல் சிலரிடம் குவிந்திருந்ததை 1964இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை மறைக்கவில்லை. 1972 ஜூன் 28 அன்று, தம் 79ஆம் பிறந்தநாளுக்கு முந்திய நாள், அவர் மறைந்தார்.