தையற்காரர் மகன் ஃபூரியர்



இந்த முறை நம் சுவரிதழில் ஒரு கணித மேதையைப் பற்றி எழுதுகிறேன். கணக்கா, நமக்கு எதுக்குன்னு அடுத்த தாளுக்குப் போயிடாதீங்க. இவர் இல்லைன்னா எங்க அப்பா சேர்த்து வைத்ததெல்லாம் அழிஞ்சு போயிருக்கும்.

எங்க அப்பாவுக்குப் பொதிகை டிவி ரொம்பப் பிடிக்கும். (2024 முதல் அதன் பெயர் டிடி தமிழ்.) வீட்டுக் கம்ப்யூட்டரில் டிவி கார்டு போட்டு, பாட்டுக் கச்சேரி, நாடகம் எல்லாம் பதிவு செய்து வைப்பார். போன வருஷம் அப்பா இறந்துட்டார். கம்ப்யூட்டரில் இடமே இல்லை. அண்ணனுக்குக் காலேஜ் வேலைக்கு இடம் வேணும். பழசை அழிச்சிடலாமான்னு அண்ணன் கேட்டப்போ, அம்மா பதில் சொல்லாமல் தையல் மெஷினையே மிதிச்சிட்டு இருந்தாங்க.

அப்புறம் அண்ணன் ஒரு வழி கண்டுபிடிச்சான். ராத்திரி நாங்க தூங்கும்போது கம்ப்யூட்டரே ஒவ்வொரு பதிவாக எடுத்துச் சுருக்கி வைக்கிற மாதிரி செய்தான். காலையில் பார்த்தால் இரண்டு ஜிபி இருந்த கச்சேரி அரை ஜிபி ஆகியிருந்தது! இது எப்படின்னு எங்க கணக்கு டீச்சரிடம் கேட்டேன். அப்போது அவர் சொன்ன பெயர்தான் ஜோசப் ஃபூரியர்.

ஃபூரியர் 1768 மார்ச் 21 அன்று பிரான்ஸ் நாட்டில் ஓசேர் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய அப்பா ஒரு தையற்காரர். பத்து வயதுக்கெல்லாம் தாயையும் தந்தையையும் இழந்து அநாதை ஆனார். ஊரில் இருந்த ராணுவப் பள்ளியில் சேர்ந்து படித்தார். கணக்கின் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைப் பொறுக்கி வைத்து, இரவில் ஒளித்து ஏற்றிப் படித்தார் என்று சொல்வார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி நடந்தபோது 1794-இல் சிறைக்குப் போனார். ஆட்சி மாறியதால் உயிர் தப்பினார். பின்பு பாரிஸில் ஆசிரியர் ஆனார். 1798-இல் நெப்போலியனுடன் எகிப்துக்குப் போனார். திரும்பி வந்ததும் 1802-இல் கிரனோபிள் நகரில் மாவட்ட அதிகாரி ஆனார். நம்ம ஊர் கலெக்டர் மாதிரி. சதுப்பு நிலத்தை வடிய வைத்தார், மலைப்பாதை போட்டார். இவ்வளவு வேலைக்கு நடுவிலும் கணக்கை விடவில்லை.

இரும்பில் சூடு எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார். அப்போதுதான் அந்தப் பெரிய உண்மையைக் கண்டார். எவ்வளவு கோணல்மாணலான வடிவத்தையும் சாதாரண அலைகளின் கூட்டலாக எழுதிவிடலாம்! 1807-இல் இதை அறிஞர் சபைக்கு எழுதிக் கொடுத்தார். லக்ராஞ்சி போன்ற பெரிய மேதைகளே ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு பரிசு கொடுத்தார்கள், ஆனால் குறையும் சேர்த்துச் சொன்னார்கள். அவர் மனம் தளரவில்லை. 15 வருஷம் கழித்து, 1822-இல், அது புத்தகமாக வந்தது. 1830 மே 16 அன்று பாரிஸில் காலமானார். ஈபிள் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் உண்டு.

சரி, இதுக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம்? நம்ம டிவியில் ஒரு நொடிக்கு 25 படம் ஓடும். சாதாரண டிவியில் ஒரு படத்தில் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள். எல்லாவற்றையும் அப்படியே வைத்தால் டிஸ்க் சீக்கிரமே நிரம்பிவிடும். அதனால் படத்தை 64 புள்ளி கொண்ட குட்டிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த அலை எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் எழுதி வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அலைகளை விட்டுவிடுவார்கள். அடுத்த படத்தில் எது மாறியதோ அதை மட்டும் சேர்ப்பார்கள்.

எங்க அம்மாவும் இப்படித்தான். யாருடைய ரவிக்கையையும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. நோட்டில் அளவு மட்டும் இருக்கும். அதைப் பார்த்தே மறுபடியும் தைச்சிடுவாங்க. ஃபூரியரின் அப்பாவும் அளவு எடுத்திருப்பார்தானே!

ஃபூரியரின் யோசனையைப் படத்துக்கு ஏற்றபடி மாற்றிய முறையை 1974-இல் வெளியிட்டவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். இதில் ராவ் நம்ம சென்னை கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் படித்தவர்! இந்த ஆராய்ச்சிக்கு அகமது பணம் கேட்டபோது கிடைக்கவில்லை. ஆனாலும் செய்து முடித்தார்கள்.

முதல் நாள் அண்ணன் ரொம்பச் சுருக்கிட்டான். பாடகர் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நல்லவேளை, பழைய பதிவை அழிக்கவில்லை. மறுபடியும் கொஞ்சம் குறைவாகச் சுருக்கி, முழுசும் ஓட்டிப் பார்த்த பிறகே பழசை அழித்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இப்போது அப்பாவின் பதிவுகள் எல்லாமே இருக்கின்றன. அண்ணனுக்கும் இடம் கிடைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா தையலை நிறுத்திவிட்டு ஒரு கச்சேரியை முழுசாகப் பார்த்தாங்க. நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அப்பா இல்லாமல் படித்தவர் ஃபூரியர். மெழுகுவர்த்தித் துண்டு வெளிச்சத்தில் படித்தவர். எனக்குப் படிக்கப் பிடிக்காத நாளில் அவரை நினைத்துக்கொள்வேன். நீங்களும் நினைத்துப் பாருங்கள், தோழிகளே!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
சேக்காடு